கையெழுத்து என்னுடையதுதான்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீடு முடிச்சூரில். 2015 டிசம்பர் 1ஆம் தேதி மதியமே கரண்ட் போய்விட்டது. இரவு ஹாலில் டிவியில் வெள்ளச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் தண்ணீர் ஏறுவதைக் கண்டேன். வீட்டுப் பத்திரங்களை எடுத்துக்கொண்டு அம்மாவை மொட்டைமாடிக்கு ஏற்றியது நான் ஒருத்திதான். தம்பி அப்போது பெங்களூரில் இருந்தான். ஒரு வாரம் கழித்து வந்து சேறு அள்ளினான். ஆனால் அம்மா இப்போது எல்லோரிடமும் தம்பிதான் காப்பாற்றினான் என்று சொல்கிறார். போன மாதம் ஒரு நிச்சயதார்த்தத்தில் சொந்தக்காரர்கள் முன்னால் "அவன் ஊரிலேயே இல்லை" என்று திருத்தினேன். அழுதுவிட்டார். இது மறதி நோயின் ஆரம்பமா? எனக்கு அந்த இரவு வீடியோ மாதிரி அப்படியே இருக்கிறது. குரூப் 2 தேர்வுக்குப் படிப்பதுதான் மனதில் நிற்கவில்லை. வல்லாரை உதவுமா?

பா., முடிச்சூர்

அன்புள்ள பா.,

வல்லாரைத் துவையல் எனக்கும் பிடிக்கும், தேர்வுக்கு அதை நம்பாதீர்கள். படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே கரைந்துவிடும் என்பதை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885இல் எழுதிவிட்டார். புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள். இரண்டு நாள் விட்டு மறுபடி சொல்லிப் பாருங்கள். அது போதும்.

அம்மாவுக்கு நோயா என்று கேட்கிறீர்கள். பழைய கதை ஒன்றில் ஆள் மாறிவிட்டதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பழகிய தெருவில் வழி தவறினால், கேட்டதையே பத்து நிமிடத்தில் மறுபடி கேட்டால், அடுப்பை அணைக்கத் தொடர்ந்து மறந்தால் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தைராய்டு கோளாறும் பி12 குறைவும்கூட ஞாபகத்தைக் கெடுக்கும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

சரி, நான் பதில் எழுத உட்கார்ந்தது "வீடியோ மாதிரி" என்ற அந்த வார்த்தைக்காக. உங்கள் கடிதத்தை நீங்களே ஒருமுறை படியுங்கள். மதியமே கரண்ட் போய்விட்டது என்கிறீர்கள். அடுத்த வரியிலேயே இரவு டிவி பார்த்துக்கொண்டிருந்தேன் என்கிறீர்கள். கரண்ட் இல்லாத வீட்டில் எப்படி டிவி ஓடியது? அந்தச் செய்தியைப் பிறகு ஆயிரம் முறை பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்று அந்த இரவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நீங்கள் பொய் சொல்லவில்லை. உங்கள் அம்மாவும் சொல்லவில்லை. ஆனால் நிச்சயதார்த்த வீட்டில் அழுதது அவர் மட்டும்தான். அது எனக்குக் கோபமாக இருக்கிறது.

அந்தக் கோபத்தில் பாதி என் மேல். எம்.ஜி.ஆர். இறந்த 1987 டிசம்பர் 24 அன்று எனக்குப் பதினொரு வயது. பெரம்பூரில் ஒண்டுக் குடித்தனம். அப்பா ரேடியோவுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் வாசனை. நான் பாய்மேல் எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான் என்று முப்பது வருடம் சொல்லிவந்தேன். அவருடைய பதினாறாம் நாள் காரியத்திலும் சொன்னேன். அக்கா மெதுவாக, "நீ அன்னிக்கு வீட்லயே இல்லடா" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், என் அப்பாவை என்னிடமிருந்து பிடுங்கப் பார்க்கிறாயா என்று பந்தியில் எல்லோரும் பார்க்கக் கத்தினேன். அவள் அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

2019இல் பெரம்பூர் வீட்டைக் காலி செய்தபோது அம்மாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு இன்லேண்ட் லெட்டர் கிடைத்தது. 26.12.87 என்று தேதி போட்டு, காஞ்சிபுரம் அத்தை வீட்டிலிருந்து அம்மாவுக்கு நான் எழுதியது. அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்குப் போயிருந்திருக்கிறேன். பஸ் ஓடவில்லை, அத்தை வெளியே விடவில்லை என்று எழுதிவிட்டு, கீழே ஒரு வரி: "தலைவர் செத்துட்டாரே, அப்பா அழுதாரா?"

படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, தேதியைத் தப்பாகப் போட்டிருப்பேன் என்பதுதான்.

1986 ஜனவரி 28இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, அமெரிக்காவில் உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் மாணவர்களிடம் அந்தச் செய்தியை எங்கே, யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கினார். 1988இல் அவர்களில் 44 பேரைப் பிடித்து அதையே மறுபடி கேட்டார்கள். 11 பேர் சொன்னதில் ஒன்றுகூடப் பழைய தாளோடு ஒத்துப்போகவில்லை. அவர்களும் அடித்துச் சொன்னார்கள். தாளைக் காட்டிய பிறகும், கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் நடந்தது இப்படி இல்லை என்று நின்றவர்கள் உண்டு. அந்த மாணவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். நான் அவர்களில் ஒருவன். அடித்துச் சொல்ல முடிகிறது என்பதால் நடந்ததாகிவிடாது. இதை உங்களுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன், ஏனென்றால் அக்கா ஒரே ஒரு முறை சொன்னபோது நான் கேட்கவில்லை.

அப்பா அழுத கதை அம்மா சொல்லிச் சொல்லி எனக்குள் வந்தது. கதை தங்கிவிட்டது, யார் சொன்னது என்பது மட்டும் உதிர்ந்துவிட்டது. ஸ்டவ்வையும் பாயையும் நானே சேர்த்திருக்கிறேன். நினைவு ஒவ்வொரு முறை எழும்போதும் புதிதாகக் கட்டப்படுகிறது, பக்கத்தில் கிடப்பதையும் எடுத்து வைத்துக் கட்டுகிறது. உங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் என்ன கிடந்தது? மகன் வந்தான், முழங்கால் சேற்றில் நின்றான், சாமான் தூக்கினான். இவை நடந்தவை. ஒரு வாரம் தள்ளி நடந்தது முன்னால் நகர்ந்துவிட்டது. அதோடு, வந்தவர்கள் அவரிடம் எப்படிக் கேட்டிருப்பார்கள்? "பையன் கூட இருந்தானா?" என்றுதானே. 1974இல் வெளியான ஆய்வில், எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் ஒரு கார் விபத்தின் திரைப்படத் துண்டைக் காட்டி, 50 பேரிடம் கார்கள் "இடித்தபோது" என்ன வேகம் என்றும், இன்னொரு 50 பேரிடம் "நொறுங்கியபோது" என்ன வேகம் என்றும் கேட்டார். ஒரு வாரம் கழித்து உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, முதல் 50 பேரில் 7 பேரும், அடுத்த 50 பேரில் 16 பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. ஒரு வினைச்சொல் போதும் என்றால், பல வருட விசாரிப்புகள் எவ்வளவு செய்திருக்கும்.

பத்திரத்தைக் காப்பாற்றியது நீங்கள்தான், நம்புகிறேன். அந்தப் பெயர் உங்களுக்குக் கிடைக்காதது வலிக்கிறது, அதுவும் புரிகிறது. அந்த வலியைச் சொல்லுங்கள், அம்மாவிடம் தனியாக, அவர் கையைப் பிடித்துக்கொண்டு. கல்யாணப் பந்தலில் சாட்சி விசாரணை வைக்காதீர்கள். அப்புறம், அந்த இரவை அவரை முதலிலிருந்து சொல்லச் சொல்லி, குறுக்கே பேசாமல் ஒருமுறை கேளுங்கள். உங்களுக்கே தெரியாத ஏதாவது அதில் இருக்கும்.

இன்லேண்ட் லெட்டர் கிடைத்த அன்று ராத்திரியே அக்காவுக்கு போன் செய்தேன். மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுடா" என்றாள். கடைசி வரியைப் படித்துக் காட்டி, அப்பா நிஜமாகவே அழுதாரா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அம்மா அப்படித்தான் சொல்லும். எனக்கு அவர் முதுகுதான் தெரிஞ்சுது."