வாசகர் கேள்வி: கடல்ல வெட்டின கல்லுக்கு மதிப்பு இல்லையா?

கேள்வி: கோலார் தங்கவயலை பாரம்பரிய இடமா காப்பாத்தணும்னு பேசுறாங்க. எங்க கடற்கரையிலயும் ஒரு காலத்துல கல்லு வெட்டினாங்களே, அதை யாரும் கண்டுக்கிறதே இல்லையே? - மண்டபம் வாசகர்

பதில்: ரொம்ப நியாயமான கேள்விங்க. கோலார்ல 1902-லயே சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்துல இருந்து கரண்ட் வந்துச்சு, நம்ம தமிழ் ஜனங்க தலைமுறை தலைமுறையா அங்க பூமிக்குள்ள இறங்கி உழைச்சாங்க, 2001-ல சுரங்கத்தை மூடிட்டாங்க, ஆனா அந்த ஊரைப் பத்தி பேச இன்னும் ஆளு இருக்கு. உங்க பக்கம் வெட்டினது பவளப்பாறை, வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் மன்னார் வளைகுடாவுல இருந்து அள்ளிட்டு வந்தாங்க, அதுல தீவுகளுக்கு அலையைத் தடுக்கிற அரண் போச்சு, 21 தீவுல ரெண்டு தண்ணிக்குள்ள போயிடுச்சு. 1986-ல அந்தப் பகுதி தேசியப் பூங்கா ஆச்சு, 2001-ல இருந்து பவளத்தை எடுத்தாலே குற்றம்.

அதனால இனி வெட்டக்கூடாது, ஏற்கெனவே வெட்டிக் கட்டினதை இடிக்கவும் கூடாதுங்கிறதுதான் என் கருத்து. தனுஷ்கோடி சர்ச் சுவரை கிட்டப் போய் பாருங்க, கல்லு முழுக்க பூப்பூவா குழி, உயிரோட இருந்த பவளம் அது! 1964 புயலுக்கு அப்புறமும் நிக்குது, தயவுசெஞ்சு போட்டோ எடுக்க அது மேல ஏறாதீங்க.

பவளக்கல்லுல கட்டின பழைய வீடு வச்சிருக்கவங்களுக்கு ஒண்ணு, சுவர் பொரிஞ்சா சிமெண்ட் பூசாதீங்க, ஈரமும் உப்பும் உள்ளயே தங்கி கல்லை அரிச்சிடும், சுண்ணாம்புக் காரைதான் சரி. சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச வயசான கொத்தனார் இருந்தா இப்பவே அவங்க பேசுறதை போன்ல ரெக்கார்ட் பண்ணி வைங்க.