மாமல்லபுரத்தைச் சுற்றிக் கடலோரமும் காடும்: நடப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

கோவளம், மாமல்லபுரம் பக்கம் நடைப்பயணம் போவது பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். ரிசார்ட்டில் அறை எடுத்துத் தங்குகிறவர்களும் கேட்டிருக்கிறார்கள், அதிகாலைப் பேருந்தில் வந்து திரும்புகிறவர்களும் கேட்டிருக்கிறார்கள். பதில் இருவருக்கும் பொதுதான்.

கேள்வி (வேளச்சேரி, ஐடி வேலை): அண்ணா, கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடலோரமாகவே நடந்துவிட முடியுமா? மேப்பில் நேர்க்கோடாகத் தெரிகிறது.

முடியும் தம்பி, ஆனால் முதல் தடவையே இதை எடுக்க வேண்டாம். தூரம் ஏறக்குறைய 18 கிலோமீட்டர். தார்ச்சாலையில் அது பெரிய விஷயம் இல்லை, மணலில் கதை வேறு. ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறியிருக்கும் நேரத்தில் கெட்டியான ஈர மணல் தண்ணீருக்குள் போய்விடும். மிச்சம் இருக்கும் காய்ந்த மணலில் அடிக்கு அடி கால் புதையும். சென்னைக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூட சுமார் ஒரு மீட்டர்தான். அந்த ஒரு மீட்டர்தான் உங்கள் நடை சுகமா, சித்திரவதையா என்று முடிவு செய்யும். நாளுக்கு இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்கும். ஓத நேர அட்டவணை போனிலேயே கிடைக்கிறது. தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துக் கிளம்புங்கள்.

இன்னொன்றைப் பலர் நடந்த பிறகுதான் உணர்கிறார்கள். கரை கடலை நோக்கிச் சரிந்திருக்கும். தெற்கு நோக்கி நடந்தால் கடல் இடப்பக்கம், அதனால் இடது கால் எப்போதும் தாழ்வில் இருக்கும். நாலைந்து கிலோமீட்டரில் முட்டியும் இடுப்பும் பேச ஆரம்பிக்கும். அவ்வப்போது மேலே ஏறிச் சமமான மணலில் கொஞ்ச தூரம் போய்விட்டு இறங்குங்கள்.

வழி முழுக்கத் திறந்தவெளியும் இல்லை. நெம்மேலி குடிநீர் ஆலைப் பக்கம் கல் கொட்டிய இடங்கள் உண்டு. அங்கே பாறை மேல் தாவாமல் ஊருக்குள் புகுந்து ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாகச் சுற்றி வாருங்கள், பாசி படிந்த கல் வழுக்கும். குப்பங்களில் வலை காயும், கரைவலை இழுப்பார்கள். கயிற்றையும் வலையையும் தாண்டிக் கால் வைக்காதீர்கள், சுற்றிப் போங்கள். 'இந்தப் பக்கம் போகலாமாண்ணே?' என்று ஒரு வார்த்தை கேட்டால் எந்த இடத்தில் பள்ளம், எங்கே மண் அரித்திருக்கிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். எந்த மேப்பும் அதைச் சொல்லாது. ரிசார்ட் காவலாளி மறித்தால் சண்டைக்குப் போகாமல் ஈர மணலுக்கு இறங்கி நடங்கள். அலை ஏறி இறங்கும் இடம் எந்த ரிசார்ட்டுக்கும் சொந்தம் இல்லை.

கேள்வி (மேடவாக்கம்): இரண்டு பிள்ளைகள், எட்டு வயதும் பதினொன்றும். அவர்களுக்கு ஏற்ற தூரம் எது?

சாளுவன்குப்பத்தில் இறங்கிக் கடற்கரைக் கோயில் வரை தெற்கே நடங்கள். சுமார் ஐந்து கிலோமீட்டர். தொடக்கத்திலேயே புலிக்குகை இருக்கிறது. பெயர்தான் குகை, உண்மையில் வாயைச் சுற்றி யாளித் தலைகள் செதுக்கிய ஒரு பாறை. பக்கத்தில் அதிரணசண்டக் குகைக்கோயில். அதன் கல்வெட்டு ஒரு சுவரில் கிரந்த எழுத்திலும் எதிர்ச் சுவரில் நாகரி எழுத்திலும் இருக்கிறது. பிள்ளைகளை இரண்டையும் ஒப்பிடச் சொல்லுங்கள், அரை மணி நேரம் சத்தமே வராது. அப்புறம் முருகன் கோயில். 2004 சுனாமி மணலை அரித்துக்கொண்டு போனதில் கல்வெட்டுள்ள பாறை வெளியே தெரிந்தது, அதை வைத்துத் தொல்லியல் துறை 2005-இல் தோண்டியது. பல்லவர் காலக் கட்டுமானத்துக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில் கிடைத்தது.

நடக்க மாட்டோம் என்று அடம்பிடித்தால் ஊருக்குள் இருக்கும் குன்றே போதும். வெண்ணெய் உருண்டைப் பாறையில் படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். மகிஷாசுரமர்த்தினி குகை, அதன் மேலே பழைய ஓலக்கணேசுவரர் கோயில், கலங்கரை விளக்கம் என்று பாறை மேலேயே ஒரு முழுக் காலை போய்விடும். என்னைக் கேட்டால் கடற்கரைக் கோயிலைவிட இந்தக் குன்றுதான் மாமல்லபுரம்.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. அதற்கு முன் வடகிழக்குப் பருவமழை, புயல், கொந்தளிக்கும் கடல். மார்ச்சுக்கு மேல் காலை ஒன்பதுக்கே நடையை முடித்துவிட வேண்டும். கோடையில் கடல்காற்று பெரும்பாலும் நண்பகலை ஒட்டித்தான் கரை ஏறும். அது தாமதமாகிற நாளில் வெயில் கொன்றுவிடும்.

கேள்வி (தாம்பரம், கல்லூரி மாணவர்): நடுவில் வியர்வை போகக் கடலில் ஒரு குளியல் போடலாமா?

வேண்டாம். இந்தக் கரையில் பல இடங்களில் நாலு அடி வைத்தாலே ஆழம். அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிற இடத்தில்தான் பல நேரம் உள்ளே இழுக்கும் நீரோட்டம் இருக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் இதில் போயிருக்கிறார்கள். தெரியாமல் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து இழுப்பை விட்டு வெளியே வந்த பிறகு திரும்புங்கள்.

கேள்வி (பல்லாவரம்): நன்மங்கலம், வண்டலூர் காட்டுக்குள் நண்பர்கள் போய்ப் படம் போடுகிறார்கள். நானும் போகலாமா சார்?

அனுமதி இல்லாமல் போகாதீர்கள். இவை காப்புக்காடுகள். உள்ளே நுழைவதே வனச்சட்டப்படி குற்றம், மாட்டினால் அபராதம். படம் போட்டவர் அபராத ரசீதையும் சேர்த்துப் போட மாட்டார்.

சட்டத்தைத் தாண்டியும் காரணம் இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு. அனுமதி வாங்கிய பாதை வேறு, நடந்த பாதை வேறு என்பது பிறகு தெரிந்தது. மலையேற்ற விதிகள் இறுகியது அதற்குப் பிறகுதான். இன்றைக்கு 'அனுமதி எல்லாம் நாங்க பாத்துக்குறோம்' என்று வாட்ஸாப்பில் ஆள் சேர்க்கிறவர்களிடம் அந்தக் கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மழுப்பினால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

நேரான வழி ஒன்று இருக்கிறது. 2024 அக்டோபரில் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்து, இணையத்தில் பதிவு செய்து பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போகும்படி வைத்திருக்கிறது. சென்னைக்குக் கிட்டத்தில் அதில் இருப்பது திருவள்ளூர் மாவட்டம் பூண்டிக்குப் பக்கத்தில் உள்ள கூடியம் குகைகள். தீ அபாயம் உள்ள கோடை வாரங்களில் பாதைகளை மூடுவார்கள், அதனால் தேதி பார்த்துப் பதியுங்கள்.

கூடியம் போனால் அவசரப்படாதீர்கள். உயரம் பெரிதாக இல்லை, மலை ஏறிய பெருமை கிடைக்காது. ஆனால் கூழாங்கல் பதிந்த அந்தப் பாறைக்கூரையின் அடியில் கற்கால மனிதர்கள் தங்கியிருக்கிறார்கள். 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் முதலில் உங்கள் பல்லாவரத்திலும், சில மாதங்களில் இதே வட்டாரத்து அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அத்திரம்பாக்கத்தின் கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழமை என்று 2011-இல் ஆய்வு வெளியானது. வழியில் கூர்மையான கல் கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு அங்கேயே வையுங்கள். குகைக்குள் ஊர்க்காரர்கள் கும்பிடும் அம்மன் இருக்கிறாள், செருப்பை வெளியே விடுங்கள். பாறையில் தேனடைகள் தொங்கும். சென்ட், சிகரெட், கூச்சல் மூன்றும் ஆகாது.

கேள்வி: தடா அருவி?

தடா அருவி என்று நாம் சொல்லும் உப்பலமடுகு இருப்பது ஆந்திராவில், அந்த மாநில வனத்துறை சொல்வதே விதி. போகிற முன் திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். அங்கே ஆபத்து ஏற்றத்தில் இல்லை, குட்டைகளில். மேலே பெய்கிற மழை கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும்.

கேள்வி (திருவான்மியூர்): நடக்கும்போது ஆமை முட்டையிடுவதைப் பார்க்க முடியுமா? செத்த ஆமைகள்தான் கண்ணில் படுகின்றன.

பங்குனி ஆமைகள் இங்கே ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இரவில் கரை ஏறும். டார்ச் அடித்தால் முட்டையிடாமலே திரும்பிவிடும். குஞ்சுகளும் வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்துச் சாலைப் பக்கம் போய்ச் சாகும். தனியாகத் தேடிப் போகாமல் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்போடு போங்கள். 1988-லிருந்து நீலாங்கரை, பெசன்ட் நகர் கரையில் இரவு நடை நடத்துகிறார்கள், பொதுமக்களையும் சேர்த்துக்கொள்வார்கள். செத்து ஒதுங்குபவை பெரும்பாலும் இழுவலையில் சிக்கி மூச்சுமுட்டியவை. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. அவற்றைத் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: மாமல்லபுரத்திலிருந்து தெற்கே நடக்கலாமா?

கொஞ்ச தூரம்தான். அப்புறம் கல்பாக்கம் அணுமின் நிலையம், கரையெல்லாம் தடை. அதைத் தாண்டிப் பேருந்தில் போய்க் கடப்பாக்கத்தில் இறங்கினால் ஆலம்பரைக் கோட்டை. பிரெஞ்சுக்காரர்கள் கையிலிருந்த கோட்டையை 1760-இல் ஆங்கிலேயர்கள் இடித்தார்கள். உப்பங்கழி ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், நடுவில் இடிந்த சுவர்கள். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு என் சிபாரிசு இதுதான்.

கேள்வி (ஆவடி): பாம்பு பயம். வைத்தியத்துக்கு என்ன எடுத்துப் போகலாம்?

போனில் சார்ஜ் எடுத்துப் போங்கள். கடித்தால் கட்டு இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். கடற்கரையில் பாம்பைவிடச் சொறி எனும் ஜெல்லி மீன்தான் உங்களைத் தொடும். பட்டால் மணல் போட்டுத் தேய்க்காமல் கடல்நீரில் அலசி, குச்சியால் எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர் ஊற்றுங்கள்.

கேள்வி (பெரம்பூர், மூன்று தோழிகள்): கழிப்பறை, பாதுகாப்பு எப்படி? யாரும் இதைப் பேசுவதே இல்லை.

கரையில் கழிப்பறை கிடையாது. கோவளத்தில் ஒன்று, மாமல்லபுரம் ஊருக்குள் ஒன்று என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஈசிஆர் பெட்ரோல் பங்க்குகளும் ஓட்டல்களும்தான். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நடக்கிறார்கள், அது இந்த வெயிலில் மயக்கத்தில் கொண்டுபோய் விடும். ஆளுக்கு இரண்டு லிட்டராவது கையில் இருக்கட்டும். அதனால்தான் உங்களுக்கு நீண்ட நடையை இரண்டாக வெட்டச் சொல்வேன்: வடநெம்மேலி முதலைப் பண்ணையில் சாலைக்கு ஏறி, ஓட்டலில் டிபன் சாப்பிட்டு, மீண்டும் கரைக்கு இறங்குங்கள். சவுக்குத் தோப்புக்குள் குறுக்கு வழி பார்க்காதீர்கள். விடிந்த பிறகு கிளம்பினால் குப்பத்து அக்காக்கள் மீன் பிரித்துக்கொண்டு கரையிலேயே இருப்பார்கள். நாய்கள் குரைத்தால் அவர்கள் ஒரு அதட்டல் போட்டாலே போதும்.