வாசகர் கேள்வி பதில்: ராத்திரி ஆனா நான் ரவுடி

கேள்வி: எனக்கு 36 வயசு, ரெண்டு புள்ளைங்க. ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்லன்னாலும் சிகப்பு சிக்னல்ல நின்னுதான் போவேன், ஆபீஸ்ல பேனா கூட எடுத்துட்டு வந்தது இல்ல. ஆனா எல்லாரும் தூங்கினப்புறம் ஜிடிஏ 5னு கார் திருடி ஊர சுத்துற வீடியோ கேம் போட்டு பிளாட்பாரத்துல கார ஏத்தி ஒரு பத்து பேர தூக்குனாதான் எனக்கு தூக்கமே வருது. போன வாரம் பெரிய பொண்ணு தண்ணி குடிக்க எழுந்து வந்தவ பின்னாடி நின்னு பாத்துட்டு, "அந்த ஆண்ட்டி என்னப்பா பண்ணாங்க, ஏன் இடிச்சீங்க"ன்னு கேட்டா. பதில் வரல. எனக்குள்ள ஏதாவது கோளாறா? (பேர் போட வேணாம்)

பதில்: கோளாறுன்னா இத எழுதிக் கேட்டிருக்கவே மாட்டீங்க சார். மொதல்ல அந்த ஆண்ட்டி விஷயம். அவங்க நீங்க தெருவுல திரும்பும்போது முளைச்சாங்க, நீங்க கொஞ்ச தூரம் போனா மறைஞ்சிடுவாங்க, வீடு இல்ல, வழி பாத்துட்டு இருக்க ஆள் இல்ல, வலி இல்ல. யாருக்கும் நஷ்டம் இல்லாத குற்றம். அதனால பாவக் கணக்குல எதுவும் ஏறல, நிம்மதியா இருங்க.

ஆனா நீங்க தேடிப் போறது கொலைய இல்லன்னுதான் எனக்குத் தோணுது. அடுத்த தடவ ஆடும்போது கவனிங்க, ஒருத்தர இடிச்சதும் போலீஸ் உங்கள தேடுதுன்னு மேல ஒரு ஸ்டார் வரும், சைரன் கேக்கும், இன்னும் ரெண்டு பேர இடிச்சா ரெண்டு மூணு ஸ்டார், ஹெலிகாப்டர், அஞ்சாவது ஸ்டார் வந்துட்டா ஊரே உங்க பின்னாடி ஓடி வருது. பகல்ல நீங்க காலியா கெடக்குற ரோட்டுல சிக்னல்ல நின்னத பாத்தது யாரு? ஒருத்தரும் இல்ல. இங்க நீங்க தும்முனா கூட ஊர் திரும்பிப் பாக்குது, அந்த ருசிதான் அது. 2002ல வந்த 'மாஃபியா' கேம்ல நீங்க கேங்ஸ்டர், ஆள போட்டுத் தள்ளுறது தொழில், ஆனா ஸ்பீடு லிமிட்ட தாண்டினா போலீஸ் வண்டிய ஓரங்கட்டி ஃபைன் போடும், சிக்னல்ல நிக்கலன்னாலும் விடாது. அத ஆடி கடுப்பானவங்க நெறைய பேரு. ரவுடியாகவே வந்தது ரூல்ஸ்ல இருந்து தப்பிக்கத்தான், அங்கயும் ரூல்ஸான்னு.

நம்பியார் சினிமால பண்ணாத அக்கிரமமா, நிஜத்துல எவ்ளோ பக்தியான மனுஷன், அது மாதிரிதான்னு சிலர் சொல்வாங்க. பாதிதான் சரி. அவருக்கு யாரோ சீன் எழுதிக் குடுத்தாங்க, கடைசி ரீல்ல அடி வாங்கி உள்ள போவாரு. உங்களுக்கு சீன் யாரும் எழுதல, அந்த ஆண்ட்டி மேல ஏத்தணும்னு கேம் குடுக்குற எந்த வேலையிலயும் (மிஷன்) இல்ல, ஸ்டியரிங்க திருப்புனது நீங்க. மாட்டி செத்தாலும் ஆஸ்பத்திரி கொஞ்சம் காசு புடிச்சுக்கிட்டு வெளிய விட்டுடும். அதனால "கேம்தானே"ன்னு ஒரேடியா தட்டிவிடவும் எனக்கு மனசு வரல.

ஒண்ணு கேக்குறேன். அதே ஜிடிஏ 5ல நாம ஆடுற ட்ரெவர்ங்கிற கேரக்டர வச்சு ஒருத்தன சித்திரவதை பண்ற மிஷன் வருமே, பல்ல புடுங்க நாமளே கண்ட்ரோலர அசைக்கணும், அங்க உங்க கை எப்படி இருந்துச்சு? நான் கண்ட்ரோலர கீழ வச்சுட்டு எழுந்து போயிட்டேன். அதுவரைக்கும் எத்தன பேர இடிச்சிருப்பேன்னு கணக்கே இல்ல, ஆனா அங்க ஒருத்தன், அவனுக்கு ஒரு முகம் இருக்கு, கெஞ்சுறான், நிதானமா பண்ணச் சொல்றாங்க. 2009ல வந்த 'கால் ஆஃப் டியூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2'லயும் ஏர்போர்ட்ல மக்கள சுட்டுத் தள்ளுற கும்பலோட நடக்குற மிஷன் ஒண்ணு உண்டு. வேணாம்னா தாண்டிப் போகலாம், மக்கள ஒருத்தர கூட சுடாம கூட நடந்தும் முடிக்கலாம். நீங்க எப்படி ஆடுனீங்கன்னு வேற யாருக்கும் தெரியப் போறதில்ல, அப்படியும் சுடாம நடந்தவங்க இருக்காங்க. அந்த உறுத்தல் வருதா இல்லையாங்கிறதுதான் எனக்கு விஷயம், எண்ணிக்கை இல்ல. பொண்ணு கேட்டதும் உங்களுக்கு வாயடைச்சுப் போச்சு பாருங்க, அதேதான்.

பொண்ணுகிட்ட பூசி மெழுகாதீங்க. "அவங்க ஒண்ணும் பண்ணல, அது பொம்ம, அப்பா சும்மா இடிச்சேன்"னு உள்ளத சொல்லுங்க. அப்புறம் கதவ சாத்திட்டு ஆடுங்க, அது 18 வயசுக்கு மேல உள்ளவங்க கேம்.

கேள்வி: என் பையனுக்கு 11 வயசு. ஃப்ரெண்ட் வீட்ல போய் இந்த கார் திருடுற கேம்தான் ஆடுறான். இப்படியே ஆடுனா கொலகாரன் ஆயிடுவான்னு என் அண்ணன் பயமுறுத்துறாரு. (ஒரு அம்மா)

பதில்: ஆகமாட்டான்மா. இந்தப் பயம் 1976லயே 'டெத் ரேஸ்'னு ஒரு கருப்பு வெள்ள கேம் வந்தப்ப கெளம்புனது, அதுல இடிபடுறது குச்சி குச்சியா நாலு கோடுதான். 2019ல ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சிக்காரங்க 14, 15 வயசு பசங்க கிட்டத்தட்ட ஆயிரம் பேர எடுத்து, அவங்க நடத்தைய பெத்தவங்க கிட்டயே கேட்டு ஒப்பிட்டுப் பாத்தாங்க, வன்முறை கேமுக்கும் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு தெரியல. அமெரிக்க சைக்காலஜி சங்கமும் 2020ல நிஜ வன்முறைக்கு கேம்தான் காரணம்னு சொல்ல போதுமான ஆதாரம் இல்லன்னுதான் சொல்லுச்சு, ஆனா கத்துறது தள்ளுறது மாதிரி சின்ன சின்ன முரட்டுத்தனத்தோட லேசா ஒரு தொடர்பு இருக்குன்னும் சேத்தே சொல்லுச்சு.

அதுக்காக 11 வயசுல ஆடட்டும்னு சொல்லல. அந்த கேமுக்கு ஐரோப்பால 18, அமெரிக்கால 17ன்னு அட்டையிலேயே போட்டிருக்கு. சுடுறது மட்டும் இல்ல, பேச்சும் மத்த காட்சிகளும் அவன் வயசுக்கு இல்ல. அந்த ஃப்ரெண்டோட அம்மாகிட்ட ஒரு வார்த்த பேசுங்க, அவங்களுக்கே அட்டையில என்ன இருக்குன்னு தெரியாம இருக்கலாம்.

கேள்வி: எல்லா கேம்லயும் ஏன் திருடனாவே ஆட ஆச? போலீஸா ஆட ஒருத்தனும் வரமாட்டேங்குறானே?

பதில்: சின்ன வயசுல கள்ளன் போலீஸ் ஆடும்போது யாரு அடிச்சுக்கிட்டு போலீஸ் ஆனாங்க சொல்லுங்க. 1997ல மொத ஜிடிஏ வர்றதுக்கு முன்னாடி அது 'ரேஸ் அண்ட் சேஸ்'ங்கிற பேர்லதான் உருவாச்சு, போலீஸாவும் ஆடலாங்கிறதுதான் பிளான். வெளிய வந்தப்ப போலீஸ் தொரத்துற வேலைக்கு மட்டும் மிஞ்சுனாரு. கேஸ கண்டுபிடிக்கிற புதிரா வச்சா போலீஸும் ஓடும், 2011ல 'எல்.ஏ. நோயர்' அப்படித்தான். என் கதை வேற. 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2'ங்கிற கௌபாய் கேம்ல ரெண்டாவது தடவ சுத்த அயோக்கியனா ஆடணும்னு சபதம் போட்டு உக்காந்தேன், வழியில போறவன வம்புக்கு இழுக்க ஒரு பட்டன், வணக்கம் சொல்ல ஒரு பட்டன், கை தானா வணக்கத்துக்கே போகுது. மூணு நாள்ல சபதம் காலி.

கேள்வி: காலேஜ் படிக்கிறேன். ஜிடிஏ ஆன்லைன்ல (நெட்ல பல பேர் சேந்து ஆடுறது) ஒருத்தன் விக்கிறதுக்கு ரொம்ப நேரமா சேத்த சரக்க வண்டியில எடுத்துட்டு போனான், நான் ஜெட்ல வந்து வெடிச்சுவிட்டேன். மைக்ல அழ ஆரம்பிச்சுட்டான், சின்னப் பையன் குரல். நாங்க நாலு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம், திரும்ப அவனையே தேடிப் போய் மூணு தடவ போட்டோம். கேமே அனுமதிக்குதுல்ல, இதுல என்ன தப்புன்னு ஃப்ரெண்ட் கேக்குறான்.

பதில்: மொத தடவ வெடிச்சதுல தப்பு இல்ல தம்பி. சரக்கு கெளம்புனா மேப்ல காட்டி, போய் அழின்னு கேமே சொல்லுது, அழிச்சா காசும் குடுக்குது, யாரு வேணா வந்து சேந்துக்கிற பப்ளிக் செஷன்ல ஓட்டுறவனுக்கு அந்த ரிஸ்க் உண்டு.

அந்தக் குரல கேட்டப்புறம் நடந்ததுதான் வேற. மேல ஒரு சாருக்கு ஆண்ட்டி ஆளே இல்லன்னு சொன்னேன், இவன் ஆளு. சரக்கு பொய், ஜெட் பொய், அழுக நெஜம். சிரிச்சது உங்க கேரக்டர் இல்ல, சிரிச்சது நீங்க நாலு பேரு. அதுவும் மூணு தடவ தேடிப் போயி. என்ன தப்புன்னு ஃப்ரெண்ட் கேக்குறான்னு எழுதியிருக்கீங்க, உங்களுக்கே உறுத்துனதாலதானே எனக்கு எழுதுனீங்க?

கூட ஆடுனவங்க லிஸ்ட்ல அவன் ஐடி இன்னும் இருக்கலாம். சாரி எல்லாம் டைப் பண்ண வேணாம், நம்பமாட்டான். அவன் அடுத்த சரக்கு ஏத்தும்போது ஒரு வண்டிய எடுத்துட்டு பின்னாடியே காவலுக்கு போங்க. மொதல்ல உங்களதான் சுடுவான். ரெண்டு மூணு தடவ செத்துக் குடுங்க.