சினைக் குதிரையை வாங்கினால் இனவிருத்தியாளர் விருது யாருக்கு?

கேள்வி: குவார்ட்டர் ஹார்ஸ் இனக் குதிரைகளைப் பதியும் அமெரிக்கன் குவார்ட்டர் ஹார்ஸ் அசோசியேஷனில் பதிவான பெட்டைக் குதிரை ஒன்றைச் சினையாக இருக்கும்போது வாங்கினேன். பாலிக் புலாவில் குட்டி போட்டது. 4,000 வெள்ளி கொடுத்தால் குட்டியின் இனவிருத்தியாளராக என் பெயரைப் போட்டு, விருதும் வாங்கித் தருவதாக ஓர் ஏஜெண்டு சொல்கிறார். என் மகளும் குதிரை ஏறுகிறாள். பணம் கொடுக்கலாமா? - வாசகர், பினாங்கு

பதில்: கொடுக்காதீர்கள். அந்தச் சங்கத்தின் விதிப்படி, தாய் பொலிகுதிரையோடு, அதாவது சினைப்படுத்தும் ஆண் குதிரையோடு, சேர்ந்த நாளில் அந்தத் தாய் யாருடையதோ அவர்தான் இனவிருத்தியாளர். நீங்கள் வாங்கும்போதே வயிற்றில் குட்டி இருந்தது. தீனி போட்டதும், ராத்திரி லாயத்தில் கண்விழித்ததும் நீங்கள்தான். மனசு கேட்காது, எனக்கும் புரிகிறது. ஆனாலும் அந்த இடம் பழைய உரிமையாளருக்குத்தான்.

பந்தயக் குதிரையான தரோபிரெட் இனத்தில் கதை வேறு. குட்டி பிறந்த நாளில் தாய் யாரிடம் இருந்ததோ அவரே இனவிருத்தியாளர். 1864-இல் டர்ஃப் கிளப் என்ற குதிரைப் பந்தய மன்றம் தொடங்கிய ஊர் நம்முடையது. அதனால் பந்தய வழக்கத்தையே எல்லா இனத்துக்கும் பொருத்திப் பார்க்கிறோம். ஏஜெண்டுகளுக்கு இந்தக் குழப்பம்தான் பிழைப்பு.

ஒரு விதிவிலக்கு உண்டு, நிதானமாகப் படியுங்கள். பெட்டையைக் குத்தகைக்கு எடுத்து, அந்தக் குத்தகைக் காலத்தில் பொலிகுதிரையோடு சேர்த்திருந்தால், குத்தகைக்காரரே இனவிருத்தியாளர். ஆனால் வாய்ப்பேச்சுக் குத்தகை உதவாது. வாட்ஸ்அப்பில் "சரி அண்ணே, எடுத்துக்குங்க" என்று வந்ததும் உதவாது. சங்கத்தில் பதிவாகியிருக்க வேண்டும். தொடங்கிய தேதி, குதிரைகள் சேர்ந்த நாளுக்கு முந்தியதாக இருக்க வேண்டும். முன்தேதி போட்ட குத்தகைக் காகிதத்தை ஏஜெண்டு நீட்டினால் கையெழுத்துப் போடவே போடாதீர்கள், அது மோசடி. நீங்கள் வாங்கியது சினையான பிறகு என்பதால் இது உங்களுக்குப் பொருந்தாது. அதே பெட்டை உங்கள் பெயரில் இருக்கும்போது சினையானால், அடுத்த குட்டிக்கு நீங்கள்தான் இனவிருத்தியாளர்.

விருது விஷயம்: அந்தச் சங்கத்தின் பெரிய இனவிருத்தி விருது ஒன்று, 50 ஆண்டுகள் விடாமல் ஆண்டுக்கு ஒரு குட்டியாவது பதிந்தவர்களுக்கு உரியது. அதை 4,000 வெள்ளிக்கு யாரும் வாங்கித் தர முடியாது.

உங்கள் மகளுக்கு, குதிரை ஏறிய மணிநேரத்தைக் கணக்கிட்டுப் பரிசு தரும் திட்டம் அதே சங்கத்தில் இருக்கிறது. குதிரை சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் உறுப்பினராகித் திட்டத்தில் சேர்ந்த பிறகு ஏறிய மணிநேரம்தான் கணக்கு, அதனால் சீக்கிரம் சேருங்கள்.

இப்போது குட்டியைப் பதிவதுதான் முக்கியம். பொலிகுதிரையின் உரிமையாளர் கையெழுத்திட்ட இனச்சேர்க்கைச் சான்றிதழை விற்றவரிடம் கேளுங்கள். பொலிக் கட்டணம் பாக்கி இருந்தால் அதைத் தராமல் வைத்திருப்பார்கள். மரபணுச் சோதனை கேட்டால் பிடரி மயிரை வேரோடு பிடுங்கி அனுப்புங்கள். ஒருவர் என்னிடம் கொண்டுவந்த உறையில் கத்தரியால் நறுக்கிய முடி அழகாக அடுக்கியிருந்தது. ஒன்றில்கூட வேர் இல்லை. அவருடைய ஏஜெண்டு அதற்கும் காசு வாங்கியிருந்தார்.

கடல் கடந்து விற்ற ஒருவரின் ஒரு கையெழுத்துக்காக மாதக்கணக்கில் காக்க வைக்கும் இந்த நடைமுறை எனக்கு எரிச்சல்தான். குட்டி பிறந்த ராத்திரி முழுக்கக் கூட நின்ற சைஸின் (குதிரை பராமரிப்பவரின்) பெயரை எழுத எந்தப் படிவத்திலும் இடம் நான் பார்த்ததில்லை. அது இன்னும் பெரிய எரிச்சல்.

தாயின் அசல் பதிவுச் சான்றிதழ் அந்த ஏஜெண்டின் கையில் இருந்தால், இன்றைக்கே திருப்பி வாங்கிவிடுங்கள்.