பழைய விண்டோஸ் 7 லேப்டாப்: ஆன்டிவைரஸுக்குக் காசு போடாதீர்கள்

வணக்கம் சார். 2011-இல் வாங்கிய டெல் லேப்டாப், ஐ3, 4 ஜிபி ராம், விண்டோஸ் 7, குரோம் 109-க்கு மேல் அப்டேட் ஆகவில்லை. ஆன்டிவைரஸ் போட்டு நெட் பேங்கிங் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது. குரோம் 109 வந்தது 2023-இல். அதற்குப் பிறகு தெரியவந்த ஓட்டைகள் அதில் திறந்தே கிடக்கின்றன. ஆன்டிவைரஸ் அவற்றை அடைக்காது.

அந்தக் காசுக்கு 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கை விட வேகமான சேமிப்பகம்) வாங்குங்கள், 2.5 இன்ச். கீழ்மூடியைக் கழற்றிப் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே மாட்டலாம். வேகத்தில் நிஜமான வித்தியாசம் இதில்தான். ராமை 8 ஜிபி ஆக்கினால் இன்னும் நல்லது, அவசரமில்லை.

அப்புறம் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம், அதில் பழைய கணினிக்கு ஏற்ற இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. பென்டிரைவில் எழுதி, ஆன் செய்யும்போது எஃப்12-ஐத் தட்டி அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, யூடியூபில் சத்தம் வருகிறதா, மூடித் திறந்தால் திரை எழுகிறதா என்று பார்த்த பிறகு இன்ஸ்டால் செய்தால் போதும். தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. பயர்பாக்ஸில் விளம்பரத்தைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜினைச் சேர்த்துவிடுங்கள். விளம்பரம் குறைந்தாலே பழைய பிராசஸருக்குப் பாரம் குறையும்.

கழற்றிய டிஸ்க்கை உடனே அழிக்காதீர்கள், படங்கள் எல்லாம் அதில்தானே இருக்கும். டேலி மாதிரி விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் ஏதாவது வேண்டுமா? இருந்தால் சொல்லுங்கள், வேறு வழி பார்ப்போம்.