ரசீதில் உள்ள எண்ணை இடப்பக்கமிருந்து படியுங்கள்

தம்பி, புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து பாரிசுக்கு வந்த இரண்டாம் மாதமே தொலைபேசி ரசீதில் 00216 என்று தொடங்கும் எண்ணுக்குக் கட்டணம் விழுந்திருப்பதாகவும், வீட்டைத் தவிர வேறெங்கும் பேசவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். வாடகை, குளிருடை பற்றியெல்லாம் உடன் தங்கியிருப்பவர்களே சொல்லிவிடுவார்கள். ரசீதைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும். இங்கே இருபது ஆண்டு இருந்தவர்கள்கூட மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கட்டிவிட்டுப் பிறகு புலம்புகிறார்கள்.

முன்னால் உள்ள 00, பிரான்சை விட்டு வெளியே போன அழைப்பு என்பதற்கு அடையாளம். அதை நீக்கிவிட்டு அடுத்து வருவதைப் பாருங்கள். 91 இந்தியா, 94 இலங்கை, 216 துனீசியா. 1 என்று தொடங்கினால் உடனே அமெரிக்கா என்று முடிவு கட்டிவிடாதீர்கள், 1876 ஜமைக்கா. புதுச்சேரிக்குத் தரைவழி எண்ணில் பேசியது 0091413 என்றும், கடலூருக்குப் பேசியது 00914142 என்றும் பதிவாகியிருக்கும். ஒற்றைப் பூஜ்ஜியத்தோடு 0262 என்றிருந்தால் பக்கத்து ஊர் என்று எண்ணுவீர்கள்; அது இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவு.

துனீசிய எண், பெரும்பாலும் ஒரு மணி ஒலித்து நின்றுபோன அழைப்பாக இருக்கும். ஊரிலிருந்து யாரோ என்று பதறி நீங்கள் திருப்பி அழைத்திருப்பீர்கள். அப்படித் திருப்பி அழைப்பவரிடம் ஓடும் நிமிடக் கட்டணத்தில் பங்கு பெறுவதற்காகவே ஒலிக்கவிட்டு நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ரசீதில் உள்ள நேரத்தைக் கைபேசியின் அழைப்புப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தெரியாத நாட்டு எண்ணைத் தயவுசெய்து இனித் திருப்பி அழைக்காதீர்கள்.

நான் வந்த 1995இல் வெளிநாட்டுக்கு 19 போட வேண்டும்; 1996 அக்டோபரில்தான் அது 00 ஆனது. தெருமுனை எஸ்.டி.டி. பூத்தின் எண்ணை அம்மா ஏரோகிராம் கடிதத்தின் ஓரத்தில் 0413 என்று தொடங்கி எழுதியிருந்தார்கள். இங்கே பொதுத் தொலைபேசிக் கூண்டில் 50 யூனிட் அட்டையைச் செருகி, 19, 91, 0413 என்று அப்படியே அழுத்தினேன். பிரெஞ்சில் ஒரு பெண்குரல் ஏதோ சொல்ல, இணைப்பு அறுந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை இப்படியே போயிற்று. மூன்றாம் ஞாயிறு, கூண்டுக்கு வெளியே தம் முறைக்காக நின்ற காரைக்கால்காரர் ஒருவர் கடிதத்தை வாங்கிப் பார்த்து, 0413க்கு முன்னால் இருந்த, இந்தியாவுக்குள் பேசும்போது மட்டும் போடும் பூஜ்ஜியத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்து, "இப்போது போடுங்கள்" என்றார். பூத்துக்காரர்தான் எடுத்தார். அம்மா காலையிலிருந்து பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்.