ஐபி 68 போனைக் கடலில் நனைக்கலாமா?

கேள்வி: தோணியில் போகிறவன் நான். ‘ஐபி 68, தண்ணீர் புகாது’ என்று கடையில் ஒரு போனைக் காட்டுகிறார்கள். நம்பி வாங்கலாமா?
- வாழைச்சேனை வாசகர்

பதில்: வாங்கலாம், ஆனால் அந்த இலக்கத்தை நம்பித் தண்ணீரில் இறக்காதீர்கள். ஐபி என்பது தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் தடுக்கும் தரத்தின் குறி; 6 தூசிக்கு, 8 தண்ணீருக்கு. சோதனை நடப்பது புதிய போனில், அசையாத நன்னீரில். சாம்சங் சொல்லும் அளவு 1.5 மீற்றர் ஆழம், 30 நிமிடம். கடலும் நம்முடைய வாவியும் உப்பு. தண்ணீரைத் தடுப்பது உள்ளே இருக்கும் பசையும் ரப்பரும்தான்; வெயிலிலும் விழுந்து அடிபட்டும் அவை தளரும். நனைந்து பழுதானால் உத்தரவாதமும் பெரும்பாலும் கைகொடுக்காது.

விழுந்துவிட்டால் உடனே ஓஃப் பண்ணுங்கள். சார்ஜரில் மட்டும் போடாதீர்கள். உப்புநீரில் மின்சாரம் பாய்ந்தால் சார்ஜிங் போர்ட்டின் பின்கள் அரித்துப் பச்சை பிடிக்கும். உடைவு இல்லாத ஐபி 68 போன் என்றால், சிம் தட்டு மூடியபடியே, நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றி உப்பைக் கழுவுங்கள். போர்ட் கீழே பார்க்கப் பிடித்து உள்ளங்கையில் தட்டி, ஃபேன் காற்றில் ஒரு நாளாவது காயவிடுங்கள். அரிசி வேண்டாம், தூள்தான் உள்ளே போகும். ஐபி அடையாளமே இல்லாத போனைக் கழுவாமல் அன்றைக்கே பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். திறந்து ஐசோபுரோபைல் அல்கஹோலால் துடைக்க வேண்டும்.

இத்தனைக்கும் மேலாகக் கழுத்தில் தொங்கவிடும் பிளாஸ்டிக் உறை ஒன்று வாங்குங்கள். முதலில் டிசு கடதாசியை உள்ளே வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்திப் பாருங்கள்.

கேள்வி: புதுப் போனில் ஹெட்செட் ஜாக் இல்லை. ஹெட்செட்டைச் சார்ஜிங் போர்ட்டில் குத்த வாங்கிய கன்வேர்ட்டரில் சத்தமே வரவில்லை.
- கல்முனை வாசகி

பதில்: கன்வேர்ட்டர் பழுதாக இருக்காது, வகைதான் மாறியிருக்கும். மலிவானதில் வெறும் வயர்தான். போனே அனலொக் ஒலியை, அதாவது ஹெட்செட்டில் நேரே கேட்கும் மின்னலையைக் கொடுத்தால்தான் கேட்கும். கூகுள் பிக்சல், ஐபோன் 15 போன்றவற்றுக்கு டிஏசி சிப் (போன் தரும் டிஜிட்டல் ஒலியை அனலொக்காக மாற்றுவது) உள்ள கன்வேர்ட்டர் வேண்டும். கேட்டு வாங்கி, கடையிலேயே உங்கள் போனில் குத்திப் பாருங்கள். 2016இல் ஐபோன் 7 ஜாக்கை எடுத்தபோது கேலி செய்த சாம்சங், 2019இல் நோட் 10இலும் அதை எடுத்துவிட்டது. வாங்குகிறவருக்கு இதில் என்ன இலாபம் என்று இன்னும் விளங்கவில்லை.

கேள்வி: பின்பக்கம் கண்ணாடியா, பிளாஸ்டிக்கா?
- அக்கரைப்பற்று வாசகர்

பதில்: பிளாஸ்டிக். வயர்லெஸ் சார்ஜிங்குக்குக் கண்ணாடி வேண்டும் என்பார்கள்; பிளாஸ்டிக்கும் அதைத் தடுக்காது, உலோகம்தான் தடுக்கும். பற்றரி மாற்றும்போது பசையைச் சூடாக்கித்தான் பின்மூடியைக் கழற்றுவார்கள். கண்ணாடி அங்கேயே வெடிக்கலாம். திரும்பப் பூட்டும்போது புதுப் பசை போடச் சொல்லுங்கள். மூடி தானாகவே மேலெழும்பினால் பற்றரி ஊதியிருக்கிறது: அழுத்தி ஒட்டாதீர்கள், அதற்குப் பிறகு சார்ஜும் ஏற்றாதீர்கள்.